அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் சிரித்தவள்

“இனி ஆராவது முத்தம் குடுக்க உண்டா?”

உபதேசியார் கேட்டுவிட்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் கையில் மடித்த வெள்ளைத் துணி இருந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் இது வழக்கம். கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதற்கு முன், வீட்டு முற்றத்தில் பெட்டியைத் திறந்து வைப்பார்கள். சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து, இறந்தவரின் நெற்றியில் முத்தம் கொடுத்து விலக வேண்டும். எல்லோரும் கொடுத்தாயிற்றா என்று உபதேசியார் சத்தமாகக் கேட்பார். ஆளில்லை என்றால் முகத்தில் துணியைப் போட்டு, பெட்டியை மூடி, திருகாணி முடுக்கிவிடுவார்கள். அதன் பிறகு யார் கதறினாலும் திறக்க மாட்டார்கள்.

பெட்டியில் இருந்தது ஞானப்பூ மாமி. என் அப்பாவின் அக்கா. காஞ்சிரங்குளத்தில் கடல் காற்று வரும் ஒரு வீட்டில் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தவள். கையில் வெள்ளை உறை, தலையில் வெள்ளை வலைத்துணி நெட்டு, மூக்கில் பஞ்சு. வாழ்நாள் முழுக்க யார் பேச்சையும் கேட்காத மாமி அன்று எல்லோருக்கும் அடங்கிக் கிடந்தாள்.

நான் வரிசையில்தான் நின்றேன். எனக்கு முன்னால் நான்கைந்து பேர். பந்தலுக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாய் வெயிலில் கொதித்தது. ரீத்து என்கிற மலர்வளையங்களின் ஈர வாசனையும் அத்தர் வாசனையும் பந்தலுக்குள் அடைந்து நின்றன. சாவு வீடுகளில் நான் அதிக நேரம் நிற்பதில்லை. முத்தம் கொடுக்கும் நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி அடுக்களைப் பக்கம் போய்விடுவேன். அன்று மாமிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த வாராந்தரப் பக்கத்தில் இதுவரை என் பஸ் கண்டக்டர் உத்தியோகத்துக் கதைகளைப் படித்துச் சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. வேண்டியவர்கள் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.

அத்தான் சொன்னது

மாமியின் மகன் ராபின்சன் அத்தான் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைப் பார்த்ததும் வரிசைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“எங்கம்ம போயிட்டா, லில்லீ. ஒனக்க அம்ம போனப்போ இவளாக்கும் ஒன்னக் கெட்டிப் பிடிச்சுக் கெடந்தது. நீ அந்தக் கேட்டப் பிடிச்சிட்டு நின்னு என்னா கரச்சில் கரஞ்ச! தொண்ட கெட்டி சத்தமே வரல்ல. இப்போ எனக்கு ஆரு உண்டு?”

அழுகிறவர் ஏதோ சொல்கிறார் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு அந்தச் சொற்கள் காதுக்குள் இறங்கின. கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேனாம்.

“எப்போ அத்தான்? எந்தக் கேட்டு?”

“இந்தக் கேட்டு தான். ஒனக்க அம்மைக்க அடக்கத்தன்னைக்கு.”

“அடக்கத்தன்னைக்கு நான் ஆரியங்கோட்டுல இல்லியா? எங்க வீட்ல?”

அத்தான் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீ இங்ஙனல்லா இருந்த? ஒன்ன விட்டுட்டுப் போவ முடியாதுன்னு எங்கம்மையும் அடக்கத்துக்குப் போவல்ல. அது ஒனக்குத் தெரியாதா?”

பின்னால் நின்ற பெண் “நடங்க, நடங்க” என்று முதுகைத் தள்ளினாள். அத்தானை யாரோ பெட்டிப் பக்கம் கூப்பிட்டார்கள். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

எனக்குத் தெரியாது. நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக, என் அம்மாவின் அடக்கத்தில் நான் இருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தேன் என்பது மட்டும் இல்லை. அங்கே நான் சிரித்தேன்.

படத்தில் இருக்கும் பிள்ளை

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

எனக்கு ஆறு வயது நடக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். முப்பதை அப்போதுதான் தாண்டியிருந்தாள். எங்கள் ஆட்கள் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வெளியூரில் இருந்து வரமுடியாதவர்களுக்கு அனுப்ப அது வேண்டும். அம்மாவின் அடக்கத்துக்கும் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம்.

முகம் தெரியட்டும் என்று பெட்டியைக் கொஞ்சம் சரித்து வைத்திருக்கிறார்கள். தலைமாட்டில் அப்பா. பின்னால் சபைப் பெரியவர்கள். பெட்டிக்கு ஒட்டினாற்போல ஒரு சின்னப் பிள்ளை. புசுபுசுவென்ற பிராக், தலையில் ரிப்பன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி மடக்கி வைத்திருக்கிறது. முன்பல் ஒன்று இல்லை. அது இல்லை என்பது தெரிகிற அளவுக்கு வாய் திறந்து சிரிக்கிறது.

அந்தப் பிள்ளை நான்.

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமன், அப்போது துபாயில் இருந்தார். படத்தின் ஒரு பிரதி அவருக்குப் போனது. பிற்பாடு அவர் கல்யாணம் கட்டிக் கொண்டுவந்த வசந்தா அத்தை அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். “பெத்த தள்ள செத்துக் கெடக்கா, இவ நின்னு சிரிக்கியத பாத்தியளா?” கேட்டவர்கள் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். பாவம், விவரம் தெரியாத வயசு என்பார்கள். வசந்தா அத்தை கெட்டவள் இல்லை. அவளுக்கு அது ஒரு தமாஷ், அவ்வளவுதான். ஆனால் தமாஷ் செய்கிறவருக்கு அன்றோடு முடிந்துவிடும்.

பத்து வயது இருக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். ரப்பர் ஷீட்டை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மைக்கப் பக்கத்துல நான் நின்னேனா அப்பா?”

“நின்ன, மக்கா. படத்துல காணல்லியா?”

“சிரிச்சேனா?”

அப்பா குனிந்தார். அடுத்த ஷீட்டை உதறிக் கொடியில் போட்டார்.

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. பெட்டி ஞாபகம் இல்லை, பாட்டு ஞாபகம் இல்லை. காஞ்சிரங்குளத்தில் மாமி வீட்டில் கொஞ்ச நாள் இருந்தது மட்டும் மங்கலாக நினைவில் உண்டு. நெத்திலி அவியல் வாசனை, உப்புக் காற்றில் பிசுபிசுக்கும் தலைமுடி. அது ஏதோ பள்ளிக்கூட விடுமுறை என்று நினைத்திருந்தேன். சொந்த அம்மாவின் சாவை மறந்துவிட்டு, நெத்திலியை ஞாபகம் வைத்திருக்கிற பிள்ளை. நெஞ்சில் ஈரம் இல்லாத பிள்ளை. என்னைப் பற்றி நான் போட்டுவைத்திருந்த கணக்கு அதுதான்.

மாமி ஏன் அந்தப் படத்தில் இல்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ‘தம்பி பெண்டாட்டி செத்ததுக்கு எட்டிப் பார்க்காதவள்’ என்று குடும்பத்தில் மாமிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மாமி எழுந்துபோய் மீன் கழுவ உட்கார்ந்துவிடுவாள்.

மணி அடிக்காமல் நின்ற பஸ்

என் குரலைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். பாறசாலை ஸ்டாண்டில் நான் ஆள் ஏற்ற “கேறு, கேறு” என்று கத்தினால், இஞ்சிவிளைப் பக்கம் நிற்கிறவன் ஓடிவருவான் என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். என் வாய்க்குப் பயந்து டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. எழுதாமல் விட்டது வேறு ஒன்று.

முப்பதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் அது தொடங்கியது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட உட்காருவேன். மூன்று பிரிவாக எடுத்த முடி கையிலேயே இருக்கும். எதை எதன்மேல் போடவேண்டும் என்று தெரியாது. “அம்மா, ஸ்கூல் வண்டி வந்தாச்சு” என்று அவள் கத்துவாள். அவளுடைய அப்பா வந்து ரப்பர் பேண்டு போட்டு அனுப்பிவைப்பார்.

துக்கம் என்று ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். சோற்றில் உப்பு உண்டா இல்லையா என்று தெரியாது. குளிக்கப் போய், வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். செத்துப்போனால் நாளைக்கு எழுந்திருக்க வேண்டாமே என்று, நாளைக்கு லீவு போடலாமே என்பது மாதிரி, சாதாரணமாகத் தோன்றும். அது எவ்வளவு பயங்கரமான நினைப்பு என்றுகூட உறைக்கவில்லை.

ஒருநாள் வெள்ளறடைக்குப் போகிற வண்டி. காரக்கோணத்தில் ஆள் இறங்கி, ஆள் ஏறியாயிற்று. நான் டபுள் பெல் கொடுத்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். மணிக்கயிறு என் கையில் இருக்கிறது. இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். என்னால் முடியவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. “சேச்சீ, உறங்ஙியோ?” என்று யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது. முன் சீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்துவந்து என் கையிலிருந்த கயிற்றைத் தானே இழுத்தாள். நான் அவளுடைய சீட்டில் உட்கார்ந்தேன். டிப்போ வரும்வரை எழுந்திருக்கவில்லை.

இரத்தக் குறைவு என்றார்கள். தைராய்டு என்றார்கள். சபையில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். வசந்தா அத்தை பேரீச்சம்பழம் கொண்டுவந்து தந்தாள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு வருகிற கொழுப்பு என்று டிப்போவில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? அன்று திருப்பிச் சொல்லக்கூட வாய் வரவில்லை. அதிலிருந்தே என் வீட்டுக்காரருக்கு இது லேசான காரியம் இல்லை என்று புரிந்துவிட்டது. அவர்தான் என்னை நெய்யாற்றின்கரைக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோனார்.

“எனக்குத் துக்கம் இல்லை, டாக்டர்”

என் வயதே இருக்கும் ஒரு பெண் டாக்டர். மலையாளத்தில் பேசுவார். நான் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் பதில் சொல்வேன். அவர் மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடந்தேன். சில வருஷம் நன்றாக இருந்தேன். மறுபடி வந்தது. மறுபடி போனேன்.

அப்போது ஒருமுறை அம்மாவைப் பற்றிக் கேட்டார். இறந்துவிட்டாள், எனக்கு ஆறு வயது, அவளுக்கு முப்பது சொச்சம் என்றேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, முதல்முறை எனக்கு உடம்பு முடியாமல் போனபோது என்ன வயது என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லும்போதே இரண்டும் ஒரே வயது என்று எனக்கும் தெரிந்தது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது என்பதும் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். அம்மைக்கு வேண்டி எனக்குத் துக்கம் இல்ல. அடக்கத்துல நின்னு சிரிச்சவளாக்கும் நான்.”

“ஆரு பறஞ்ஞு?”

யார் சொன்னது என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். அந்தப் பிள்ளையின் கைகளைப் பெரிதாக்கிப் பார்த்து, கை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“ஈ கை எந்தா இங்ஙனெ?”

“ஜெபம் பண்ணுதேன்.”

அவர் போனைத் திருப்பித் தந்தார். வீட்டில் யாரிடமாவது அந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கேட்கவில்லை. கேட்டால், ஆமாம், சிரித்தாய் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். இத்தனை காலம் படம் சொன்னது போதாதா, ஆள் வேறு சொல்ல வேண்டுமா?

காஞ்சிரங்குளத்தில் நடந்ததோடு நோய் என்னை விட்டு ஓடிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. இதை எழுதுகிற இன்றும் மாத்திரை உண்டு. மாதம் ஒருமுறை நெய்யாற்றின்கரைப் பயணமும் உண்டு. ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்து இப்போது நான் சொல்வது வேறு கதை.

மாமியின் முகம் திறந்திருக்கும்போதே

வரிசையை விட்டு வெளியே வந்தேன் என்றேன் அல்லவா? அப்பா பந்தலின் கடைசியில் நாற்காலியில் இருந்தார். இதயத்தில் குழாய் வைத்த பிறகு குன்னத்துகாலில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அவர் முத்தம் கொடுத்து வந்து உட்கார்ந்திருந்தார். கையில் யாரோ கொடுத்த பாலில்லாத கட்டன் சாயா ஆறிப்போயிருந்தது.

மாமி போய்விட்டாள். அந்த நாளில் நடந்ததைத் தெரிந்த பெரியவர்களில் மிச்சம் இருப்பது இந்த ஒரு மனிதர்தான். மாமியின் முகம் மூடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அவள் முகம் வெளியே தெரியும்போது அப்பாவால் பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது. கிறுக்குத்தனம்தான். ஆனால் மூடிய பிறகு கேட்கிற தைரியம் எனக்கு இருக்காது என்பது கிறுக்குத்தனம் இல்லை.

என் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

“என்ன லில்லீ?”

“அப்பாகிட்ட ஒரு காரியம் கேக்கணும்.”

“வீட்ல போய்க் கேக்கலாம். அவருக்க நெஞ்சு இருக்க நிலையில இங்ஙன வச்சா?”

“அவருக்க நெஞ்சு எனக்கும் தெரியும். மாத்திர எடுத்துக் குடுக்கியது நானாக்கும். தள்ளுங்க.”

தள்ளினார். பாவம், என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு எந்த இடத்தில் தள்ள வேண்டும் என்று தெரியும்.

நான் அப்பாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“அப்பா, எனக்க அம்மைக்க அடக்கத்துல நான் உண்டா?”

அப்பா என்னைப் பார்க்காமல் பெட்டிப் பக்கம் பார்த்தார். “இதென்ன கேள்வி? படத்துல…”

“படம் வேண்டாம். நான் உண்டா, இல்லியா?”

அவர் கையில் சாயா தம்ளர் அப்படியே இருந்தது. அதை வாங்கித் தரையில் வைத்தேன். விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். எண்பதைத் தொட்ட மனிதர், இப்போதுதான் அக்காவைப் பறிகொடுத்தவர். ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையைப் பற்றி அத்தான் சொல்லிவிட்டார். அந்தக் கேட்டு அதோ இருக்கிறது. ஆட்கள் உள்ளே வருகிறார்கள், போகிறார்கள்.

“இல்ல மக்கா,” என்றார் அப்பா. “நீ இல்ல. நீ இங்ஙன இருந்த. அக்காகிட்ட.”

“பின்ன படம்?”

“அது நான் பாறசாலைல ஒரு ஸ்டூடியோவுல சொல்லி ஒட்டிச்சது.”

எனக்குக் காது அடைத்தது. அவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

“ஒனக்க மாமன் துபாய்ல இருந்து படம் கேட்டு எழுதினான். பெட்டிக்கப் பக்கத்துல பிள்ளயக் காணல்லன்னா, பெத்த தள்ளய காட்டாம மறச்சுட்டான்னு சொல்லுவினும். அத நெனச்சுப் பயந்தேன். அது மட்டும் இல்ல. படம் வந்து பாத்தப்போ அவளுக்கப் பக்கத்துல நீ இல்ல. எனக்கு அதப் பாக்க முடியல்ல, மக்கா. பக்கத்துல ஒன்ன வைக்கணும்னு தோணிச்சு.”

“அதுக்குச் சிரிக்கிய படத்தயா வச்சது?”

“வேற படம் உண்டா? சண்டே ஸ்கூல்ல பிரைஸ் வாங்கினப்போ எடுத்த படம் ஒண்ணு மட்டும் தான் வீட்ல உண்டு. கையில பிரைஸ் பிளேட்டு இருந்தது. பிளேட்ட ஸ்டூடியோக்காரன் அழிச்சு மாய்ச்சுக் கொண்டுவந்தான். சிரிப்ப மாய்க்க அவனுக்குத் தெரியல்ல.”

நான் ஜெபம் செய்யவில்லை. பரிசு வாங்கிய தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கொடுத்தபோது அம்மா எங்கேயோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அவளைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும்.

“நான் சின்னதுல கேட்டேன் அப்பா. நின்னன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். இல்லன்னு சொன்னா, பின்ன எதுக்கு என்னக் கொண்டுபோவல்லன்னு கேப்ப.”

“எதுக்குக் கொண்டுபோவல்ல?”

பெட்டிப் பக்கமிருந்து உபதேசியாரின் குரல் வந்தது. “இனி ஆரும் இல்லியே?” யாரோ என் பெயரைச் சொன்னார்கள். லில்லி கொடுக்கவில்லை, லில்லி எங்கே என்று ஒரு சலசலப்பு. நான் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லுங்க. எதுக்கு?”

“ஒனக்கு வேண்டி இல்ல,” என்றார். “அன்னைக்குக் கேட்ட பெரியவங்ககிட்ட எல்லாம் பிள்ளைக்கு வேண்டின்னு தான் சொன்னேன். பயந்துபோவும், சொப்பனம் காணும்னு சொன்னேன். அது பொய். எனக்கு வேண்டியாக்கும். அவளப் பாத்து நீ கரையிய சத்தம் கேட்டா நான் அங்ஙனயே விழுந்திருப்பேன். ஒனக்க கரச்சில எனக்குத் தாங்க முடியாது. அதனால அக்காகிட்ட தள்ளிவிட்டேன். அவ கொண்டுவாறேன் கொண்டுவாறேன்னு ஆளு விட்டுக் கேட்டா. வேண்டாம்னு சொன்னது நானாக்கும்.”

அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் உண்டு, மறைக்க மாட்டேன். அவர் தாங்கமாட்டார் என்பதற்காக ஒரு பிள்ளையின் அழுகையை ஊர்விட்டு ஊர் கடத்தியிருக்கிறார். அழுத தடத்தையும் துடைத்து, மேலே ஒரு சிரிப்பை ஒட்டியிருக்கிறார். அந்தச் சிரிப்போடு நான் பள்ளிக்கூடம் போனேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். நெஞ்சில் ஈரம் இல்லாதவள் என்று என்னை நானே வெறுத்தேன். வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் அழுதிருக்கிறேன். தொண்டை கட்டிச் சத்தம் போகிற வரைக்கும் அழுதிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தீர்மானித்துச் செய்யவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாறசாலை ஸ்டாண்டில் கூவுகிற சத்தம் இல்லை, எனக்கே பழக்கமில்லாத சத்தம். ‘அம்மா’ என்று கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். தரையில் உட்கார்ந்து, தலையை அப்பாவின் முழங்காலில் முட்டிக்கொண்டு கதறினேன். பாட்டுக்குழு பாட்டை நிறுத்திவிட்டது. சாயா தம்ளர் உருண்டு என் சேலை நனைந்தது.

பெண்கள் ஓடிவந்தார்கள். யாரோ முதுகைத் தடவினார்கள், யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். “கரையாத பிள்ளே, மாமி நல்லா வாழ்ந்து தானே போயிருக்கா” என்று ஒரு குரல் கேட்டது. “எழும்பு, எழும்பு, பெட்டி மூட நேரமாச்சு” என்றது இன்னொரு குரல். வசந்தா அத்தை என் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

“மாமி செத்ததுக்கா இந்தக் கரச்சில்? ஆளுவ பாக்கினும் லில்லீ, அடங்கு. அப்பாக்கு ஏதாவது ஆயிரும்.”

நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றிருந்தார். என் தோளிலிருந்து வசந்தா அத்தையின் கையை எடுத்துவிட்டார். உபதேசியார் துணியோடு அப்படியே நின்றார். முற்றம் முழுவதும் அப்பாவைப் பார்த்தது.

“அவள ஆரும் தொடாண்டாம்,” என்றார் அப்பா. “அவ கரையட்டு. அவளுக்க அம்மையாக்கும் செத்துப்போனது.”